சிறுநீரகம் செயலிழந்த வயதான நாயை வீட்டில் கடைசிவரை பார்த்துக்கொள்வது

"இனி குணமாகாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டால், பராமரிப்பின் நோக்கமே மாறிவிடுகிறது. இனி நாள்களை நீட்டுவதற்காக எதையும் செய்ய வேண்டியதில்லை. இருக்கிற நாள்களில் குமட்டலும் வலியும் பயமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) கூடியிருப்பதாலேயே அது நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஆகிவிடாது. எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ், வெறும் நீரிழப்பு ஆகியவற்றிலும் அது கூடும். இவற்றில் பல சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. ஆகவே நீர்ச்சத்து ஏற்றிய பிறகு ஒரு முறை மறுபரிசோதனையும், சிறுநீர்ப் பரிசோதனையும், வயிற்று ஸ்கேனும் செய்துவிடுவது நல்லது. ஸ்கேனில் இரு சிறுநீரகமும் சுருங்கியிருந்து, நீர் ஏற்றிய பிறகும் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றால், அது ஐரிஸ் (நாய், பூனைகளின் சிறுநீரக நோயை நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச முறை) வகைப்பாட்டின் நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை. "போன மாசம்வரை நல்லாத்தானே இருந்தான்" என்று பலரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். சிறுநீரகத்தின் முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் கிரியாட்டினின் ஏறவே தொடங்கும். முன்கூட்டியே கண்டுபிடிக்காதது உங்கள் தவறில்லை.

தண்ணீர்

இந்த நோயில் நாய் நிறையக் குடிக்கும், நிறையச் சிறுநீர் போகும். ராத்திரி வீடு நனைகிறதே என்று தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து வைக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்கிற தப்புகளிலேயே மோசமானது இதுதான். சிறுநீரகத்தால் நீரைத் தக்கவைக்க முடியாததால்தான் அது அவ்வளவு குடிக்கிறது. ஒரே இரவு தண்ணீர் இல்லாவிட்டால்கூட நிலைமை கிடுகிடுவென்று சரியும். படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்திரம் எப்போதும் இருக்கட்டும்.

குடிப்பது போதாமல் போகும்போது, தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை டாக்டர் கற்றுக்கொடுப்பார். முதல் இரண்டு மூன்று முறை அவர் முன்னாலேயே செய்து பழகுங்கள். ரிங்கர் லாக்டேட் அல்லது நார்மல் சலைன் 500 மில்லி பாட்டில், டிரிப் செட், 18 கேஜ் ஊசி ஆகிய மூன்றும் வேண்டும். அந்த ஊசியின் பிடி இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை கலந்த) பாட்டிலைத் தோலுக்கு அடியில் ஏற்றக் கூடாது. எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். ஓர் இடத்தில் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லிக்கு மேல் போகாமல் இருப்பது பொதுவான கணக்கு.

பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. குளிர்ந்த சலைன் எரிச்சல் தருவதால்தான் பல நாய்கள் இரண்டாம் நாளே ஊசியைக் கண்டு ஓடுகின்றன. பாட்டிலை நாய்க்கு மேல் மூன்று நான்கு அடி உயரத்தில் ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டு, இரு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்புக்குள் ஊசியை முதுகெலும்புக்கு இணையாகச் செலுத்துங்கள். ஓட்டம் நின்றால் ஊசிமுனை தோலில் முட்டுகிறது என்று பொருள். லேசாகத் திருப்பினாலோ சற்றே பின்னிழுத்தாலோ ஓடும். முடி நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. முடிந்ததும் அந்த இடத்தை இரு விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தோளில் உண்டாகும் வீக்கம் சற்று நேரத்தில் முன்னங்காலுக்கோ நெஞ்சுக்கோ இறங்கிவந்து, ஆறேழு மணி நேரத்தில் வடியும். தோலுக்கு அடியில் கொஞ்சம் காற்று போய் நறநறவென்றால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் புது ஊசி போடுங்கள்.

முந்தைய நாள் ஏற்றியது வடியாமல் இருந்தால் அன்று ஏற்றக் கூடாது. இதய நோயும் சேர்ந்துள்ள நாய்க்குச் சலைன் நுரையீரலில் நீர் சேர வழிசெய்துவிடும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ணிக் குறித்துவாருங்கள். 30-ஐத் தாண்டினால் சலைனை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, வயதான நாய்க்குத் தோல் தளர்ந்திருக்கும் என்பதால் தோலை இழுத்துப் பார்த்து நீரிழப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பு இல்லாமல் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் குறைகிறது.

சாப்பாடு, குமட்டல், வலி

உதட்டை ஓயாமல் நக்குவது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பது, தட்டருகே ஆசையாக வந்து மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். "பிடிவாதம் பிடிக்கிறான்" என்று தட்டை மாற்றி மாற்றி வைப்பதில் பயனில்லை. மாரோபிட்டன்ட் போன்ற குமட்டல் மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் கொடுத்தால் பல நாய்கள் தாமாகவே சாப்பிடும்.

நோயின் நடுக்கட்டத்தில் பாஸ்பரஸைக் குறைப்பது முக்கியம். ஈரல், எலும்பு, பால், முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றைத் தவிர்த்து, குழைந்த சோறு, முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த சுரைக்காய் என்று கொடுக்கலாம். பாஸ்பரஸைக் கட்டும் மருந்து சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலைசெய்யும். சாப்பிடாத வேளையில் அதைக் கொடுத்துப் பலனில்லை. கடைசி வாரங்களில் இந்தப் பத்தியத்தை விட்டுவிடலாம் என்பதே எங்கள் கருத்து. பிடித்த கோழிக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, வெதுவெதுப்பாக, கையில் வைத்து நீட்டுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை மட்டும் எப்போதும் கூடாது. சாப்பாட்டை ஊசிக்குழாயால் வாயில் திணிக்காதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்த நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

வாயில் அமோனியா வாடையும் நாக்கின் ஓரத்தில் புண்ணும் வந்தால், பசி இருந்தும் சாப்பிட முடியாது. ஆல்கஹால் கலக்காத, 0.12 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலைப் பஞ்சில் நனைத்து ஈறுகளை ஒற்றிவிடலாம்.

வலிக்கு வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். பாரசிட்டமால், ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் எதுவும் நாய்க்கு ஆகாது. நாய்களுக்கென்றே விற்கிற மெலாக்சிகாம் என்ற வலி மருந்துகூட இந்தச் சிறுநீரகத்துக்குச் சுமை. அதற்குப் பதிலாக டாக்டர்கள் வலிக்குக் கேபாபென்டின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொரு நாய்க்கு எழுதிய அளவு பொருந்தாது. நாய் திடீரென்று சுவரில் முட்டினால் வயதுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே காட்டினால் சில நாய்களுக்குப் பார்வை ஓரளவு திரும்பும்.

படுக்கை

டைல்ஸ் தரையில் கால் வழுக்கி விழும் பயத்திலேயே பல நாய்கள் எழுந்திருக்க மறுக்கும். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம்வரை, அங்கிருந்து வாசல்வரை ரப்பர் பாய் விரியுங்கள். நான்கு அங்குல ஸ்பாஞ்ச் மெத்தை, அதன்மேல் ரெக்ஸின், அதன்மேல் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து விரித்தால் துவைக்கவும் மாற்றவும் எளிது. எழ முடியாத நாயை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபக்கம் திருப்புங்கள். முழங்கை, தோள், இடுப்பெலும்பு முனைகளில்தான் புண் தொடங்கும். அங்கே முடி உதிர்ந்து தோல் சிவந்தாலே எச்சரிக்கை. பின்புற முடியைக் கத்தரித்து, சிறுநீர் பட்ட இடத்தை வெந்நீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி, பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ள களிம்பு வேண்டாம், நக்கினால் நஞ்சு.

நம் வெக்கையில் ஈ பெரிய எதிரி. ஈரமான முடியிலும் சிறு புண்ணிலும் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலிலும் கொசுவலை போடுங்கள். வாலுக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் காலை மாலை விலக்கிப் பாருங்கள். புழு தெரிந்தால் டர்பன்டைன் ஊற்றாமல் டாக்டரை வரவழையுங்கள்.

முடிவெடுக்கும் நேரம்

அன்றாடம் கூடவே இருப்பவருக்குச் சரிவு கண்ணில் படாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் இதற்கு உதவும். வலியின்மை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா பத்து மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருக்க வேண்டும். வீட்டில் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டுவந்தாலும் போதும். இரண்டு நாளாகச் சாப்பிடாமை, அடங்காத வாந்தி, சிறுநீர் அடியோடு நின்றுபோவது, தசை துடிப்பு, வலிப்பு, உடல் வெப்பம் 99 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்குவது ஆகியவை கடைசிக் கட்டத்தைக் காட்டுபவை. "தானா தூக்கத்துல போயிடும்" என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. சிறுநீரக நோயில் அப்படி அமைதியாக முடிவது அரிது.

கருணைக்கொலைக்கு டாக்டர் வீட்டுக்கு வருவாரா, இரவில் கூப்பிட்டால் யார் வருவார் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். முதலில் முழு மயக்கம் கொடுப்பீர்களா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். மயக்கம் கொடுக்காமல் மெக்னீசியம் சல்பேட்டோ பொட்டாசியம் குளோரைடோ மட்டும் செலுத்துவது கொடுமை, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மயக்கம் முழுமையான பிறகு, தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தை மிகை அளவில் நரம்பில் செலுத்தினால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம், சிறுநீர் கழியலாம். அப்போது அதற்கு உணர்வு இருக்காது. கூட இருப்பவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உடல் சில மணி நேரத்தில் விறைத்துவிடும் என்பதால் கால்களை உடனே மடக்கி வையுங்கள். அடியில் செய்தித்தாளும் துண்டும் போட்டு, வயிற்றைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். புதைப்பதானால் கிணறு, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தள்ளி, குறைந்தது நான்கடி ஆழத்தில், பிளாஸ்டிக் இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றிப் புதையுங்கள். கருணைக்கொலைக்குச் செலுத்திய மருந்து உடலில் தங்கியிருக்கும். மேலாகப் புதைத்து, தெருநாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அவையும் செத்துவிடும். நகரத்தில் இடமில்லாதவர்கள் வளர்ப்புப் பிராணிகளுக்கான தகனமேடை உண்டா என்று மாநகராட்சியில் முன்பே விசாரித்து வைப்பது நல்லது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அது வந்து மோந்து பார்க்கட்டும், விரட்டாதீர்கள். குழந்தைகளிடம் "தூங்குது" என்று சொல்லாமல், இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு கிளினிக்கில் கொடுங்கள். குப்பையில் போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். பிரிக்காத சலைன் பாட்டில்களை விலங்குக் காப்பகங்கள் வாங்கிக்கொள்ளும்.