ஜூரா ஒயினைத் தேடிப் போகிறவர்களுக்கு

பிரான்சில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் நடுவே இருக்கிறது ஜூரா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்செரா பூச்சி வேர்களைத் தின்று தீர்ப்பதற்கு முன் இங்கே சுமார் 20,000 ஹெக்டேரில் திராட்சை விளைந்தது. இன்று ஏறக்குறைய 2,000 ஹெக்டேர்தான். சிறு குடும்பங்கள் பிழிவதில் பெரும்பங்கு பெரிய கடைகளுக்கு வருவதேயில்லை. நேரில் போவதுதான் வழி.

லூயி பாஸ்டர் வளர்ந்த அர்புவாவில் தங்குங்கள். முதலில் 1906இல் தொடங்கிய அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின்களைச் சுவைத்து நாக்கைப் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்து மேட்டிலுள்ள புப்பியான் என்ற ஊருக்குப் போகலாம். தோட்டக்காரரேதான் விற்பவரும், முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடை நாட்களில் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஜூராவில் சிவப்பைத்தான் முதலில் ஊற்றுவார்கள். புல்சார் திராட்சையின் ஒயின் அத்தனை வெளிறியிருக்கும். நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். மண்வாசமும் காட்டுப்பழ மணமும் கலந்த அந்த மென்மைக்காகவே நான் அங்கே போவேன். அடுத்து துரூஸோ என்ற இன்னொரு சிவப்புத் திராட்சையின் ஒயின், அதன் பின்னரே வெள்ளை.

வெள்ளை வரும்போது தவறாமல் ஒன்று கேளுங்கள்: “ஊயேவா?” பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே நிரப்பிக்கொண்டே இருந்தால் அது ஊயே, பழச்சுவை தெளிவாக இருக்கும். நிரப்பாமல் விட்டால் பாலில் ஆடை படர்வதுபோல் மேலே ஈஸ்ட் படலம் படரும். சவஞ்ஞான் திராட்சையின் ஒயின் இப்படி ஆறு ஆண்டுகளுக்கு மேல் பீப்பாயில் கிடந்தால்தான் வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின். அக்ரோட்டு மணம் முந்தும். அதற்குப் பின்னால் நம் மூக்குக்குச் சட்டென்று பிடிபடுவது வெந்தயம். அது பிரமையல்ல. வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டலோன் என்ற சேர்மம் இந்த ஒயினிலும் உண்டு.

கையில் பணம் இருந்தால் ஷாத்தோ ஷலோன் என்ற ஊரில் ஒரு புட்டி வாங்குங்கள். அந்த ஊரின் பெயரில் வான் ஜோன் மட்டுமே விற்கலாம். விளைச்சல் தரமாக இல்லையென்று 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பெயரையே போடாமல் விட்டார்கள். அந்த நேர்மைக்கே காசு கொடுக்கலாம். புட்டியில் 62 சென்டிலிட்டர்தான் இருக்கும். ஏமாற்று என்று நினைக்காதீர்கள், வான் ஜோனுக்குரிய அளவே அதுதான்.

வீட்டில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். சில மணி நேரம் முன்பே திறந்து, 15 டிகிரி அளவில், முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டியோடு பருகுங்கள். மிச்சத்தை மூடி வையுங்கள், வாரக்கணக்கில் கெடாது.