அரிப்பு நின்றதும் ட்யூபை மூடிவிடாதீர்கள்

படர்தாமரைக்குக் களிம்பு போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாலு நாள் பக்தியோடு தடவுவார்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், ட்யூப் அலமாரிக்குப் போய்விடும். சில வாரங்களில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வரும். பழி மருந்தின் மேல் விழும்.

அரிப்பு அடங்கினாலும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை மேல்தோலில் உயிரோடுதான் இருக்கும். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக் கொல்லிக் களிம்பை வழக்கமாக 2 முதல் 4 வாரம் வரை போட வேண்டும். கண்ணுக்குத் தெரிவது மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர்வது நல்லது.

தடவும் இடத்திலும் கோட்டை விடுகிறோம். வட்டத்தின் நடுப்பகுதி ஆறியதுபோல் தெளிந்து, விளிம்பு மட்டும் மேடாகச் சிவந்திருக்கும். பூஞ்சை மும்முரமாகப் பரவுவது அந்த விளிம்பில்தான். அதனால் விளிம்பைத் தாண்டி, நல்ல தோலிலும் சுமார் 2 செ.மீ. வரை தடவுங்கள். அப்பிக்கொள்ள வேண்டாம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். குளித்த ஈரத்தோடு போடாதீர்கள்; தொடை இடுக்கையும் கால்விரல் இடுக்கையும் துடைத்து உலரவிட்ட பிறகே மருந்து.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வரவைப்பது, ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று கைமாறும் கலவைக் களிம்புகள். ட்யூபின் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரே நாளில் அரிப்பை அடக்கிவிடும்; பூஞ்சைக்கோ அது கொண்டாட்டம். படை தன் வட்ட வடிவத்தை இழந்து பரவுவதால், பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகிவிடும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழும் வரிகள் பிறகு முழுதாக மறையாது.

அப்புறம், ஆள் மாறாட்டம்: தோலில் வருவதெல்லாம் பூஞ்சை இல்லை. சீழ், தேன் நிறப் பொருக்கு என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. அதற்கு மியூபிரோசின் போன்ற வேறு மருந்து. பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. பொருக்கின் மேலேயே பூசாமல், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்ல எடுத்துவிட்டுப் போடுங்கள். ட்யூபின் வாய் புண்ணில் படக்கூடாது. மியூபிரோசினைப் பொதுவாக 10 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. நீட்டினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பூஞ்சைக்கு நீட்டச் சொன்னேன், இதற்கு நிறுத்தச் சொல்கிறேன். குழப்பம்தான், ஆனால் விஷயம் அப்படி.

தலைமுடிக்குள் வந்த படைக்கு வெறும் களிம்பு போதாது, மாத்திரை வேண்டும். நகத்தில் வந்ததற்கும் பெரும்பாலும் அப்படியே. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்புக் கோடு மேலேறினாலோ களிம்பை நம்பி இன்னொரு நாள் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் சின்னப் புண் என்றாலும் சீக்கிரம் காட்டிவிட வேண்டும்.