கோடை முகாமுக்குக் குழந்தையின் பையை அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் முதன்முதலாகக் கோடைக்காலப் பகல்முகாமுக்குப் போனபோது அவளுக்கு 6 வயது. அதற்குப் பின் வந்த 4 கோடைகளில் அத்தகைய முகாம்களில் தன்னார்வலராக இருந்து சிறுவர் குழுக்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் காலையில் வாசலில் வந்து இறங்கும் பைகளைப் பார்க்கும்போது, அவற்றில் பாதியை நானே அடுக்கி அனுப்பியது போலத் தோன்றுகிறது. அன்று நான் செய்த அதே பிழைகளைப் புதிய பெற்றோர் அதே அக்கறையோடு செய்கிறார்கள். தொப்பியை மறப்பது, தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை மறுநாளே தாமாகச் சரியாகிவிடும்.

குழந்தை தூங்கிய பிறகு பையை அடுக்குவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

முகாம் தொடங்குவதற்கு முந்தைய இரவு, மகள் தூங்கியதும், முகாமிலிருந்து வந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தேன். மாற்றுடை நனைந்துவிடக் கூடாதென்று அதை ஓர் உறைக்குள் போட்டு, பையின் பின்பக்க ஜிப்புக்குள் பத்திரப்படுத்தினேன். மறுநாள் மாலை அவள் தொடைகள் உரசிச் சிவந்து, கால்களை அகட்டி நடந்தபடி வெளியே வந்தாள். காலை 11 மணிக்கு நீர்விளையாட்டு முடிந்ததிலிருந்து மாலை 4 மணி வரை, ஈர நீச்சலுடையின் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியாடியிருக்கிறாள். மாற்றுடையோ நான் மடித்த மடிப்புக் கலையாமல் அந்த ஜிப்புக்குள் இருந்தது. ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்று அதட்டினேன். “அது என் பையிலேயே இருந்ததா அம்மா?” என்று கேட்டாள். பையின் பின்பக்கம் ஓர் அறை இருப்பதே அவளுக்குத் தெரியாது. புண் ஆறும் வரை 3 நாட்கள் அவள் முகாமுக்குப் போகவில்லை. கட்டிய பணம் வீணானதை மறந்துவிட்டேன். நான்காம் நாள் காலையில் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் போகவே மாட்டேன் என்று அவள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

முகாமில் ஒரு பொறுப்பாளரின் கையில் பெரும்பாலும் 8 அல்லது 10 குழந்தைகள் இருப்பார்கள். உடை மாற்றும் நேரத்தில் ஒவ்வொரு பையையும் திறந்து துழாவ அவரால் இயலாது. குழந்தை தானாக எடுக்கத் தெரியாத பொருள் அன்று அந்தப் பையில் இல்லாததற்குச் சமம். எங்கள் குழுவில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் மதியத்தில் பசியில்லை என்றே சொல்லிவந்தான். மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: நான்கு பக்கமும் இறுக்கிப் பூட்டும் புதிய உணவுப் பெட்டியை அவனுடைய விரல்களால் திறக்க முடியவில்லை, கேட்பதற்குக் கூச்சம். எவ்வளவு பார்த்துப் பார்த்து அந்த உணவைச் செய்திருப்பார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

ஆகவே பையைக் குழந்தைதான் அடுக்க வேண்டும். முகாமுக்கு 3 நாட்களுக்கு முன்பே எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது தேவைப்படும் என்று பேசிக்கொண்டே அவர்கள் கையாலேயே உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் தேவைப்படுவது அடியிலும் முதலில் தேவைப்படுவது மேலேயும் இருக்கட்டும். பிறகு, “துண்டு எங்கே?”, “மாற்றுடை எங்கே?” என்று கேட்டு, உங்கள் உதவியில்லாமல் எடுத்துக் காட்டச் செய்யுங்கள். ஒருநாள் மதிய உணவை வீட்டிலேயே அதே பெட்டியில் வைத்து, அதே தண்ணீர் பாட்டிலோடு, தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட விடுங்கள். எந்த மூடி திறக்கவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். நீச்சலுடைக்கும் ஒத்திகை வேண்டும். உலர்ந்திருக்கும்போது எளிதாகக் கழலும் உடை, நனைந்ததும் தோலோடு ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் படுத்தும். குளிக்கும்போது அதைப் போட்டு நனைத்து, தானே கழற்றி, தானே துடைத்து, உலர்ந்த உடைக்கு மாற முடிகிறதா என்று பாருங்கள். முதுகில் முடிச்சுப் போடும் உடையையும் நாடா கட்டும் காலணியையும், முடிச்சுப் போடத் தெரியாத குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

காலையில் பூசிய சன்ஸ்கிரீன் மாலை வரை போதும் என்று எண்ணுவது

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலின் புற ஊதாக்கதிர்கள் மிகக் கடுமையாக இருக்கும். முகாமின் நேரமும் பெரும்பாலும் அதுவேதான். எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் திறனின் அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனானாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரில் இறங்கி ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். வீட்டில் நாம் பூசும் முதல் பூச்சைத் தவிர மற்றவை எல்லாம் குழந்தையின் கையில்தான் இருக்கின்றன. காதுமடல், பின்கழுத்து, பாதத்தின் மேற்புறம் ஆகிய மூன்றையும் குழந்தைகள் தவறாமல் விட்டுவிடுவார்கள். அவற்றைப் பெயர் சொல்லிப் பழக்குங்கள். முதுகு யாருக்கும் எட்டாது என்பதால், தண்ணீரிலும் அணியக்கூடிய முழுக்கைச் சட்டை ஒன்று அந்தக் கவலையைத் தீர்த்துவிடும். பெற்றோர் எழுதித் தந்த ஒப்புதல் இல்லாமல் பல முகாம்களில் பொறுப்பாளர்கள் சன்ஸ்கிரீன் பூசிவிட மாட்டார்கள். அந்தப் படிவத்தை நிரப்பினோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவிரட்டியும் பூசுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், கொசுவிரட்டி அதன் மேல். இரண்டும் கலந்து வரும் பொருளைத் தவிர்த்துவிடுங்கள். சன்ஸ்கிரீனைப் போலக் கொசுவிரட்டியை அடிக்கடி பூசக் கூடாது.

மருந்தைச் சொல்லாமல் பைக்குள் வைப்பது

இன்ஹேலரோ ஒவ்வாமைக்கான ஊசியோ பையின் மூலையில் இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால், மூச்சுத் திணறும் நேரத்தில் அது யாருக்கும் உதவாது. வேறொரு குழந்தை அதை எடுத்து விளையாடவும் கூடும். மருத்துவர் எழுதித் தந்த குறிப்போடு, மருந்து வந்த பெட்டியிலேயே குழந்தையின் பெயரை எழுதி, பொறுப்பாளரின் கையில் கொடுத்துப் பேசுங்கள். காலாவதி நாளை அன்றே பாருங்கள். அவசரத் தொடர்புக்கு, பகலில் உண்மையிலேயே எடுத்துப் பேசக்கூடியவர்களின் எண்களைக் கொடுங்கள். கூட்டங்களில் தொலைபேசியை அணைத்து வைப்பவரின் எண் அங்கே முதலிடத்தில் இருக்கக் கூடாது.

குளிர்ச்சியில்லாமல் மதிய உணவு

கெட்டுப்போகும் உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரமே கணக்கு. காலை 8 மணிக்கு அடுக்கிய பெட்டியை 12 மணிக்குத் திறக்கிறார்கள். உணவுக்கு மேலும் கீழுமாக 2 ஐஸ் பேக்குகளை வையுங்கள். அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக, இரவில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலையும் வைக்கலாம். தண்ணீர் உறையும்போது விரியும் என்பதால் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள்.

புதுக் காலணி

வேண்டாம். 1 வாரமாவது போட்டுப் பழகியதே போகட்டும்.

பெயர் எழுதுவது

பையில் மட்டும் எழுதினால் போதாது. துண்டு, மூடி, இரண்டு காலணிகள் என ஒவ்வொன்றிலும் உள்பக்கமாக எழுதுங்கள். வெளியே பெரிதாகத் தெரியும் பெயரைப் படித்து, அறியாதவர் ஒருவர் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க இடம் கொடுக்காதீர்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று சேர்ப்பது

பையின் எடை குழந்தையின் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 2 முதல் 3 கிலோ. 1 லிட்டர் தண்ணீரே அதில் 1 கிலோவை எடுத்துக்கொள்ளும்.

பிரியமான பொம்மை

வீட்டிலேயே இருக்கட்டும்.

மாலையில் பையை அப்படியே மூலையில் வைப்பது

ஈர நீச்சலுடை ஓர் இரவு மூடிய பைக்குள் கிடந்தால், மறுநாள் காலையில் நாற்றத்தோடும் ஈரத்தோடும்தான் வெளியே வரும். அதையே அணிந்துகொண்டு குழந்தை கிளம்ப வேண்டியிருக்கும். என் மகள் இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தலைகீழாகக் கொட்டி, ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கழுவிய பிறகே உட்காருகிறாள். முடிந்தால் 2 நீச்சலுடைகள் வைத்துக்கொள்ளுங்கள்; மழை நாட்களில் ஒன்று காய்வதற்குள் விடிந்துவிடும்.