லாரி டயருக்குக் கேஸ் போட்டால் என்ன செய்ய வேண்டும்

ஆலங்குளம் பக்கம் குவாரியில் ஜல்லி ஏற்றிப் புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஓட்டுகிறவர்கள், தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வாகைக்குளம் டோல் தாண்டிச் சரக்கு கொண்டுவருகிறவர்கள், நான்குவழிச் சாலையில் கயத்தாறு, நாங்குநேரி என்று இரவும் பகலும் ஓடுகிறவர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். நானும் இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். டயர் சரியில்லை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) சலான் எழுதும்போது முதலில் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். ஓட்டுநருக்குத் தெரிந்த கோளாறு மட்டும் அதில் வருவதில்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறும் அதில் வரும். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவர், ஓட்ட விட்டவர் எல்லோரும் மாட்டுவார்கள். அதாவது "டிரைவர் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது" என்று ஓனர் சொல்லித் தப்பிக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 1,500 ரூபாய் வரை. அதே கோளாறால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது தவிர, வண்டி விதிப்படி இல்லை என்று அதிகாரிக்குப் பட்டால் 56-வது பிரிவின் கீழ் எஃப்.சி.யையே, அதாவது வண்டியின் தகுதிச் சான்றையே, ரத்து செய்யலாம். எஃப்.சி. போனால் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

சரி, டயரில் எதைப் பார்க்கிறார்கள்? 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி. லாரிக்குப் பட்டன் ஆழம், அதாவது டயர் ரப்பரில் உள்ள பள்ளத்தின் ஆழம், குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டயரின் தோள்பட்டையில் டி.டபிள்யூ.ஐ. என்றோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும், அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஆழம் பார்க்கும் கேஜ் விலை ஒன்றும் அதிகமில்லை, ஒன்று வாங்கி டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். பட்டன் இருந்தும் நூலோ கம்பியோ வெளியே தெரிந்தாலும், பக்கச்சுவர் வீங்கியிருந்தாலும், ஆழமாக வெட்டுப்பட்டிருந்தாலும் அந்த டயரோடு போகக்கூடாது.

சலான் போடும்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், முதல் வேலை வாக்குவாதம் செய்யாமல் இருப்பது. போனில் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருக்கும் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. செல்லும், காட்டுங்கள். அப்புறம் எந்த டயர், என்ன கோளாறு என்று கேளுங்கள். பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர் சேர்ந்திருக்கும், அதனால் பின்பக்கம் இடது உள் டயரா, வெளி டயரா என்பதுவரை தெரிய வேண்டும். அந்த டயரை நம்பர் பிளேட்டோடு ஒரு படம், கேஜைப் பள்ளத்தில் வைத்து ஒரு படம், டயர் சீரியல் நம்பருக்கு ஒரு படம். சலானில் வண்டி எண், இடம், நேரம், பிரிவு நான்கையும் அங்கேயே நின்று படியுங்கள், ஒரு எண் தவறியிருந்தாலும் பிறகு அலைச்சல்தான்.

அடுத்து, அந்த டயரோடு ஒரு கிலோமீட்டர்கூட நகரக்கூடாது. சலான் கட்டிவிட்டால் ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஸ்டெப்னியை மாட்டுங்கள். ஸ்டெப்னியும் மொட்டையாக இருந்தால் மொபைல் டயர் வண்டியைக் கூப்பிடுங்கள். புது டயர் மாற்றினால் பில்லில் தேதியும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள். மாற்றின சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கோளாறு உண்மை என்றால் கட்டிவிடுங்கள், இழுத்தடிக்காதீர்கள், நிலுவைச் சலான் இருந்தால் பிறகு எஃப்.சி.க்குப் போகும்போது வேலை தடைப்படும். கோளாறே இல்லை, கேஜில் 4 மில்லிமீட்டர் காட்டுகிறது என்றால் படங்களோடு அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் குறை பதிவு செய்யுங்கள். அங்கே தீராவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. ஒன்று கவனம்: வாட்ஸாப்பில் சலான் என்று வரும் லிங்கையோ ஏபிகே ஃபைலையோ (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) தொடாதீர்கள். இப்படிப் பணம் பறிக்கிற கும்பல் இருக்கிறது. பரிவாகன் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய், வண்டி எண் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இனி முக்கியமானது. ஒரு மே மாதம் மதியம், நாங்குநேரி தாண்டிப் போகும்போது என் வண்டியின் பின்பக்க வெளி டயர் வெடித்தது. பட்டை பிய்ந்து பின்னால் பைக்கில் வந்த ஒரு பையனுக்கு அரை அடி தள்ளிப் போய் விழுந்தது. அவன் கீழே விழவில்லை, தெய்வம் காப்பாற்றியது. கழற்றிப் பார்த்தால் குற்றம் வெளி டயரில் இல்லை. உள் டயரில் காற்றே இல்லை, அது எத்தனை நாளாகவோ வெறும் ரப்பராகச் சுற்றியிருக்கிறது, இரண்டு டயர் சுமக்க வேண்டியதை வெளி டயர் ஒன்றே சுமந்து, வெயிலில் சூடேறி வெடித்திருக்கிறது. முந்தின நாள் பஞ்சர் கடைத் தம்பி "அண்ணாச்சி, உள் டயர்ல காத்து கம்மி மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தான். நான்தான் அவசரத்தில் பார்க்கலாம் என்று விட்டேன். சட்டம் சொல்லும் "சாதாரணக் கவனம்" எதுவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் உள் டயரைத் தனியாகப் பாருங்கள். ராடால் தட்டிச் சத்தம் கேட்பது முழுதும் இறங்கிய டயரைக் காட்டும், ஆனால் கால்வாசிக் காற்று குறைந்ததைக் காட்டாது. அதற்குக் காற்று அளக்கும் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காலையில் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், ஓடிச் சூடான டயரில் அளவு ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறந்துவிட்டால் ஆறின பிறகு குறைந்துவிடும். ஜல்லி வண்டி ஓட்டுகிறவர்கள் இரட்டை டயருக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு லோடுக்கும் குனிந்து பாருங்கள், அது பக்கச்சுவரை அறுக்கும், தெறித்தால் பின்னால் வருகிறவன் மண்டையில் அடிக்கும்.

தேய்மானமும் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கர அலைன்மென்ட் சரியில்லை. ஒரே ஆக்சிலில் நைலான் டயரும் ரேடியல் டயரும் கலக்க வேண்டாம். ரீட்ரேட் டயரை, அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டை ஒட்டியதை, முன்னால் போடவே வேண்டாம், என் வண்டியில் நான் போடுவதில்லை. ஓவர்லோடு பற்றிச் சொல்லவே வேண்டாம், நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 11.5 டன்தான் அனுமதி, அதற்கு மேல் ஏற்றினால் எந்த டயரும் தாங்காது. 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், ஒவ்வொரு டயரின் காற்று, பட்டன் ஆழம், பார்த்தவர் கையெழுத்து. வாரம் ஒருமுறை போதும். டிரைவர் எழுதட்டும், ஓனர் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். "உள் டயர் சரியில்லை" என்று டிரைவர் எழுதினால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள், டிரிப் போச்சே என்று அவரைத் திட்டாதீர்கள். இரண்டு தடவை திட்டினால் மூன்றாவது தடவை அவர் எழுதமாட்டார். எழுதாத அந்த வாரத்தில்தான் ஒரு பையன் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருப்பான்.