சீனத்தில் ‘மிங்மிங்’: பெயரிடும் வினையை எழுதும் முறை

பிறந்த குழந்தைக்கு நாம் பேர் வைக்கிறோம். பல்கலைக்கழகத்துக்கு அரசு பெயர் சூட்டுகிறது. சீனத்திலும் இந்த வேறுபாடு உண்டு. குழந்தைக்குப் பேர் வைப்பது ‘சீமிங்’; கப்பல், நட்சத்திரம், சாலை, நிறுவனம் ஆகியவற்றுக்கு முறைப்படி பெயரிடுவது ‘மிங்மிங்’. மதுரையில் என்னிடம் சீனம் பயிலும் மாணவி ஒருவர், தன் அக்கா மகனின் பெயர் சூட்டு விழாவைப் பற்றி எழுதும்போது ‘மிங்மிங்’ என்று எழுதிவிட்டார். படித்தபோது அரசாணை ஒன்றின் வாடை அடித்தது.

தமிழில் ஒரே மாதிரி எழுதினாலும் இரண்டு ‘மிங்’கும் வெவ்வேறு சொற்கள். முதலாவதன் ஓசை மேலிருந்து சட்டென இறங்கும், பொருள் ஆணை. இரண்டாவதன் ஓசை கீழிருந்து ஏறும், பொருள் பெயர்.

ஒன்றின் பெயரால் மற்றொன்று வழங்குவதைச் சொல்ல, ‘யீ’ என்ற சொல்லை அந்தப் பெயருக்கு முன்னால் வைத்து வினையை இறுதியில் வைக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி ஆகியவற்றைக் காட்டி, ‘ஜெஷியே ஜியெதாவ் யீ யுவேஃபன் மிங்மிங்’ என்று சொல்லலாம். ‘ஜெஷியே ஜியெதாவ்’ என்றால் இந்த வீதிகள். ‘யுவேஃபன்’ என்றால் மாதம். வினை கடைசியில் வருவதால் இந்த அமைப்பு தமிழருக்கு எளிதாகவே கைவரும். ஆனால் ‘பெயரிடப்பட்டன’ என்ற நம் செயப்பாட்டு வினையை நினைத்துக்கொண்டு செயப்பாட்டைக் குறிக்கும் ‘பேய்’ என்ற சீனச் சொல்லைச் செருகிவிடுகிறார்கள். இங்கே அது தேவையே இல்லை.

சூட்டிய பெயரையே சொல்வதானால் அமைப்பு மாறும். பொருளுக்கு முன் ‘பா’ வரும். வினையோடு ‘வேய்’ சேரும். புதிய பெயர் அதற்குப் பின்னால் நிற்கும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகப் பெயரிடப்பட்டு 1999இல் விண்ணுக்குச் சென்ற தொலைநோக்கியைப் பற்றி எழுதும்போது, ‘பா ஜெ தாய் வாங்யுவான்ஜிங் மிங்மிங் வேய் ச்சியெந்தலா’ (இந்தத் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிடுவது) என்பது வாக்கியத்தின் மையப் பகுதியாகும். பெயரிட்டவர் யார் என்பதை அதற்கு முன் எழுத வேண்டும்.

ஏற்கெனவே உள்ள பெயரை மாற்றினால் ‘கெங்மிங்’ பொருத்தமானது. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனதை அந்தச் சொல்லால் எழுதுக. கணினிக் கோப்பின் பெயரை மாற்றுவதற்கு மட்டும் ‘சோங் மிங்மிங்’ என்ற சொல்லே வழக்கில் உள்ளது. சீன மொழிக்கு மாற்றிய கணினியில் கோப்பின் மேல் வலச்சொடுக்கினால் அதைப் பார்க்கலாம்.