பாப்அப் பெட்டிக்கு லைப்ரரி எதற்கு?

"நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்கும் ஒரு சின்னப் பெட்டிக்காக பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த நிரல் தொகுப்பை (லைப்ரரியை) முழுசாக வலைப்பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவன் நான். ஆழாக்குப் பாலுக்காகப் பசுவையே வாங்கிய கதைதான். வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லிலேயே 'டயலாக்' (dialog) என்றொரு டேக் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் சேர்ந்துகொண்ட பிறகு முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது.

பெட்டியில் வர வேண்டியதை அந்த டேக்குக்குள் எழுதிவிட்டு, ஜாவாஸ்கிரிப்டில் அதன் 'ஷோமோடல்' (showModal) ஃபங்ஷனை அழையுங்கள். ஒரே வரி. பெட்டி திறந்திருக்கும்வரை பின்னால் இருக்கும் பொத்தான்கள் எதுவும் அசையாது. எஸ்கேப் விசையைத் தட்டினால் பெட்டி தானே மூடிக்கொள்ளும். இவற்றைக் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வெறும் 'ஷோ' என்று அழைத்துவிடாதீர்கள். பெட்டி வரும், பின்னணி பூட்டப்படாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போயிற்று.

மூடும் பொத்தானை ஒரு ஃபார்முக்குள் வைத்து, அந்த ஃபார்மின் 'மெத்தட்' மதிப்பாக 'டயலாக்' என்று கொடுத்தால், மூடுவதற்கு ஸ்கிரிப்டே வேண்டாம். பின்னணியை இருட்டாக்க, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'பேக்டிராப்' (backdrop) இருக்கிறது; அதன் முன்னே இரண்டு முக்காற்புள்ளிகள் போட வேண்டும், ஒன்று போதாது.