எந்த ஜாப்பை முடுக்குவது? லேத் பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருப்பது ஒரே சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்). காலையில் நான்கு ஜாப் காத்திருக்கின்றன: 1, 2, 3, 6 மணி நேர வேலைகள். கையில் உபரியாக ஓர் ஆளும் கொஞ்சம் நல்ல இன்சர்ட்டும் (உலோகத்தை வெட்டும், கழற்றி மாற்றக்கூடிய முனை) இருக்கின்றன. எதில் போடுவது? பெரும்பாலும் 6 மணி நேர ஜாப்பைத்தான் கை காட்டுவார்கள். முதல் தவறு அங்கேதான்.

சின்னது முதலில் என்று ஓட்டினால் ஜாப்கள் 1, 3, 6, 12 ஆவது மணியில் முடியும். இந்த முடியும் நேரங்களைக் கூட்டினால் 22; இது குறையக் குறைய ஜாப்கள் காத்திருப்பதும் குறையும். கடைசி ஜாப்பில் ஒரு மணி நேரம் குறைத்தால் 21. அதே ஒரு மணி நேரத்தை இரண்டாவது ஜாப்பில் குறைத்தால் 19. முதல் ஜாப்பில் அரை மணி குறைத்தாலே 20 வந்துவிடும். முன்னால் நிற்பவர் சட்டென்று நகர்ந்தால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நகர்வார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, இது ஜாப்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் கணக்கு. மொத்த வேலையும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றால் எதில் குறைத்தாலும் ஒன்றுதான், மலிவானதில் குறையுங்கள். டெலிவரிதான் தலைவலி என்றால், தாமதமாகும் ஜாப்பிலோ அதற்கு முன்னால் உள்ளதிலோ குறைக்க வேண்டும். பின்னால் உள்ளதில் போட்ட காசு தண்டம்.

ஸ்பீடை ஏற்றினால் நேரம் அப்படியே குறையும் என்று நம்புவது அடுத்த தவறு. வெட்டு வேகத்தையும் வெட்டும் கருவியின் ஆயுளையும் இணைத்து 1907இல் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் வெளியிட்ட சூத்திரம் இதற்கு நல்ல கடிவாளம். கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளால் ஆன இன்சர்ட்டில் வெட்டு வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் வெட்டும் நேரம் சுமார் 17 சதவீதம்தான் குறையும். இன்சர்ட்டின் ஆயுளோ ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு மணி நேர ஜாப்பில் 50 நிமிடம் செட்டிங் (மெஷினைத் தயார் செய்வது) என்றால், வெட்டுவது 70 நிமிடம்தான்; மிச்சமாவது வெறும் 12 நிமிடம். அதற்குள் ஒருமுறை இன்சர்ட் மாற்ற நேர்ந்தால் அதிலும் கொஞ்சம் போகும். என்னைக் கேட்டால், உபரி ஆளை அடுத்த ஜாப்பின் டூல்களை எடுத்துத் தயாராக வைக்கச் சொல்வேன்.

அப்புறம், நேரத்தைக் குறைத்த பிறகும் பழைய வரிசையிலேயே ஓட்டுவது. 3 மணி நேர ஜாப் ஒன்றரை மணியாகிவிட்டால், 2 மணி ஜாப்புக்கு முன்னால் வர வேண்டும். பழைய வரிசையில் 19 ஆக இருக்கும் கூட்டுத்தொகை 18.5 ஆகும். ஆனால் இடம் மாற்றியதால் சக் ஜாவை (ஜாப்பைப் பிடித்துக்கொள்ளும் தாடைகள்) கூடுதலாக ஒருமுறை கழற்றி மாட்ட 10 நிமிடம் ஆகிறதென்றால், பின்னால் நிற்கும் மூன்று ஜாப்பும் பத்துப் பத்து நிமிடம் தள்ளிப்போகும். அந்த அரை மணி அங்கேயே சரியாகப் போய்விடும். அப்போது பழைய வரிசையே இருக்கட்டும்.